வேகம் என்று எழுதி முடித்துவிடுகிறவர்களுக்கு

ஜாஸ் ஃப்யூஷன் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினைப் பற்றித் தமிழில் எழுதும் விமர்சகர்களுக்கும், அந்த எழுத்தை அச்சுக்கு அனுப்பும் ஆசிரியர்களுக்கும்:

மெக்லாஃப்லினைப் பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலானவை முதல் பத்தியிலேயே வேகத்துக்கு வந்துவிடுகின்றன. வந்த பிறகு அங்கிருந்து நகர்வதில்லை. விரல்கள் மின்னலாகின்றன, தந்திகள் தீப்பிடிக்கின்றன, அரங்கம் அதிர்கிறது, ரசிகர்கள் மெய்சிலிர்க்கிறார்கள். எழுபதுகளில் ஆங்கில ராக் பத்திரிகைகளில் வேரூன்றிய பழக்கம் இது. அங்கேயே பழசாகிப்போன சொற்களை நீங்கள் இன்றும் புதுச்சரக்காக இறக்குகிறீர்கள். என்ன பாட்டு, எந்த எண்ணிக்கையில் ஓடியது, உடன் வாசித்தவர் யார், எங்கே பிடித்தது, எங்கே சறுக்கியது என்று கேட்கும் வாசகருக்கு உங்கள் கட்டுரையில் விடை கிடைப்பதில்லை. அந்தக் கட்டுரையில் மெக்லாஃப்லின் என்ற பெயரை அடித்துவிட்டு வேறொரு கிட்டார் கலைஞரின் பெயரைப் போட்டாலும் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. உங்கள் மீதான முதல் குற்றச்சாட்டு அதுதான்.

வேகம் பொய்யில்லை. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவு செய்யப்பட்ட, மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு, ‘ஜாய்’ என்ற உருப்படியோடு தொடங்குகிறது. பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும் அந்த வாசிப்பைக் கேட்டவர் எவரும் அதில் வேகம் இல்லை என்று சொல்ல மாட்டார். ஆனால் வேகம் என்பது ஒரு அளவு மட்டுமே. ரயில் வேகமாகப் போனது என்று எழுதினால் அது எந்த ஊருக்குப் போனது என்று தெரிந்துவிடாது.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதி இதை விளக்க ஒரு நல்ல சோடியைத் தந்திருக்கிறது. மெக்லாஃப்லின் 1942 ஜனவரி 4 அன்று அங்குள்ள டான்காஸ்டரில் பிறந்தவர். ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் 1946இல் அதே யார்க்ஷயரின் பிராட்ஃபர்டில் பிறந்தவர். இருவரும் டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸின் ‘லைஃப்டைம்’ குழுவில் வெவ்வேறு காலங்களில் வாசித்தார்கள். இருவரும் அதிவேகக்காரர்கள் என்றுதான் உங்கள் கட்டுரைகள் சொல்கின்றன. காதில் விழுவதோ நேரெதிரான இரண்டு இசை. மெக்லாஃப்லின் வேகப் பிடிகளில் பெரும்பாலான ஸ்வரங்களைத் தனித்தனியாக, மேலும் கீழுமாக, பிக்கால் தட்டுகிறார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு முனை இருக்கிறது. மிருதங்கச் சொல்போல அது விழும் இடம் துல்லியமாகக் கேட்கிறது. சாக்ஸஃபோன் வாசிக்க ஆசைப்பட்டுக் கிட்டாருக்கு வந்த ஹோல்ட்ஸ்வொர்த், அந்த முனை கேட்கவே கூடாது என்று பாடுபட்டவர். ஒருமுறை தட்டிவிட்டு இடக்கை விரல்களாலேயே பல ஸ்வரங்களை எழுப்புவது அவர் வழி. வீணையில் ஒரே மீட்டில் நாலைந்து ஸ்வரம் பேசுவதைக் கேட்டுப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாட்டை இரண்டே வரியில் புரியவைத்துவிடலாம். அந்த இரண்டு வரியை எழுதாமல் இருவருக்கும் ஒரே ‘மின்னல் விரல்’ பட்டத்தைக் கட்டி அனுப்புகிறீர்கள்.

மெக்லாஃப்லினின் வேகம் எதற்கு என்ற கேள்விக்கு விடை, ஸ்வரங்கள் எங்கே விழுகின்றன என்பதில் இருக்கிறது. 1971இல் அவர் நியூயார்க்கில் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் பனாமாவில் பிறந்த பில்லி கோபம் டிரம்ஸ் வாசித்தார். பிராக் நகரத்து யான் ஹாமர் கீபோர்டு, டப்ளினில் பிறந்த ரிக் லெயர்ட் பாஸ், அமெரிக்கரான ஜெர்ரி குட்மன் வயலின். அந்த ஆண்டு வந்த ‘தி இன்னர் மவுன்டிங் ஃபிளேம்’ தட்டில் ‘டான்ஸ் ஆஃப் மாயா’ என்றொரு உருப்படி உண்டு. அது பத்து எண்ணிக்கை கொண்ட ஒரு கிட்டார் பின்னலில் தொடங்குகிறது. பிறகு இருபது எண்ணிக்கையில் ஆடி அசையும் ஒரு ப்ளூஸ் வருகிறது. கடைசியில் அந்தப் பத்தும் இந்த இருபதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. தனித்தனியாகக் கேட்டபோது தொடர்பே இல்லாததுபோல் இருந்த இரண்டும் ஒரே கணக்கின் இரு முகங்கள் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. 1973இல் வந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தட்டின் தலைப்புப் பாடல் பதினெட்டில் சுற்றுகிறது. ஆங்கில விமர்சகர்கள் பலர் இவற்றைப் ‘புரியாத தாளம்’ என்று சொல்லிக் கடந்துபோனார்கள். அவர்களுக்காவது ஒரு சாக்கு உண்டு: நாலையும் மூன்றையும் விட்டால் எண்ணிப் பழகாத காதுகள். ஆதி தாளத்தில் கண்ட நடையைப் போட்டுப் பார்க்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நீங்களும் ‘புரியாத தாளம்’ என்று எழுதுவதற்கு என்ன சாக்கு?

அதே 1973 தட்டில் ‘ஒன் வேர்ட்’ என்ற உருப்படியைக் கவனியுங்கள். கிட்டாரும் வயலினும் கீபோர்டும் ஒருவர் மாற்றி ஒருவர் வாசிக்கிறார்கள். முறை வரவர ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடம் குறுகுகிறது. நெருங்கி நெருங்கி, ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் நுழைகிறார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் இரண்டு ஆவர்த்தனம், ஒன்று, அரை, கால் என்று குறைத்துக்கொண்டே வந்து கோர்வையில் சேருவதைக் குறைப்பு என்கிறோம். டிசம்பர் மாதம் சென்னையில் நடக்கும் எத்தனையோ கச்சேரிகளில் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறீர்கள். ‘ஒன் வேர்ட்’டின் அமைப்பை ஒரு தமிழ் வாசகருக்குச் சொல்ல அந்த ஒரு சொல் போதும். இது கர்நாடக இசையிலிருந்து எடுத்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஜாஸிலும் இப்படி மாறி மாறி வாசிக்கும் வழக்கம் தனியே உண்டு. கேட்டதை விவரிக்க உங்கள் கையிலேயே ஒரு கலைச்சொல் இருக்கிறது என்பதுதான் இங்கே செய்தி. அதை ஒதுக்கிவிட்டு ‘இசைப் பிரளயம்’ என்று எழுதுகிறீர்கள்.

வேகத்தைப் புகழ்பவர்களுக்கு எதிர்க்கட்சியில் நிற்பவர்களும் உங்களுக்குள் உண்டு. வித்தை இருக்கிறது, உயிர் இல்லை. ஸ்வரம் அதிகம், உணர்வு குறைவு. மெதுவாக வாசிக்க வராது என்பது அவர்களின் தீர்ப்பு. புகழுரையைவிட இதில் சற்று யோசனை இருப்பதுபோல் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே சோம்பலின் பிள்ளைகள்: வேகத்தைத் தவிர வேறெதையும் காதில் வாங்காதவரே அதைப் புகழவும் செய்கிறார், பழிக்கவும் செய்கிறார். மெதுவாக வாசிக்க வராது என்ற தீர்ப்பைத் தட்டுகளை வைத்தே சோதித்துவிடலாம்.

1969 பிப்ரவரி 18 அன்று நியூயார்க்கில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ பதிவானது. மெக்லாஃப்லின் லண்டனிலிருந்து வந்து இறங்கிச் சில வாரங்கள்கூட ஆகவில்லை. கிட்டார் வாசிக்கவே தெரியாதவனைப் போல வாசி என்ற பொருளில் மைல்ஸ் தன்னிடம் சொன்னதை அவரே பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தத் தட்டின் தலைப்புப் பாடலில் கிட்டார் ஒவ்வொரு ஸ்வரமாக, அடுத்தது வருமா என்ற தயக்கத்தோடு எட்டுவைக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவான ‘பிட்சஸ் ப்ரூ’வில் ஒரு உருப்படிக்கு ‘ஜான் மெக்லாஃப்லின்’ என்றே பெயர் வைத்தார் மைல்ஸ். தான் அதில் டிரம்பெட் எடுக்கவே இல்லை. அந்த நாலரை நிமிடத்திலும் பாய்ச்சல் எதுவும் கிடையாது. வெட்டி வெட்டி விழும் கார்டுகளும் இடைவெளிகளும்தான். மைல்ஸின் ‘ஜாக் ஜான்சன்’ தட்டின் ‘ரைட் ஆஃப்’ இன்னும் நல்ல சாட்சி. மெக்லாஃப்லின் ஒரு எளிய ஷஃபிள் நடையைப் போட்டுக்கொண்டே போகிறார். இரண்டாவது நிமிடம் தாண்டியதும் கிட்டார் ஆதார சுருதியை மாற்றுகிறது. பாஸ் கிட்டார் பழைய இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே எழும் உரசலுக்குள் மைல்ஸின் டிரம்பெட் நுழைகிறது. பின்னால் நின்று ஒரு பாட்டைத் தாங்கத் தெரிந்த கலைஞரின் வேலை அது. பக்கவாத்தியத்தின் அருமை தெரிந்த மண்ணில் எழுதும் நீங்கள் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டாமா?

1971இல் வந்த ‘மை கோல்ஸ் பியாண்ட்’ தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒலிபெருக்கி இல்லாத கிட்டார். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் முதல் தட்டிலேயே இருக்கும் ‘யூ நோ யூ நோ’ ஓசையைவிட மௌனத்தை அதிகம் நம்பும் உருப்படி. சக்தியின் ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்குள் முடியும் ஒரு அமைதியான மெட்டு. இத்தனையையும் கேட்ட பிறகும் உயிரில்லை என்று ஒருவருக்குத் தோன்றினால் அப்படியே எழுதட்டும்; அதற்கு உரிமை உண்டு. எந்த நிமிடத்தில், எந்தப் பிடியில் அப்படித் தோன்றியது என்பதையும் சேர்த்து எழுதினால் அது விமர்சனம். இல்லாவிட்டால் வெறும் வதந்தி.

அடுத்தது ஆன்மீகம். மெக்லாஃப்லின் வங்காளத்தைச் சேர்ந்த ஸ்ரீ சின்மயின் சீடராகச் சில ஆண்டுகள் இருந்தார். ‘மகாவிஷ்ணு’ என்ற பெயர் அந்தக் குரு வைத்தது. சின்மய் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1964இல் நியூயார்க் போனவர் என்பது நம் பக்கத்துச் செய்தி. வெள்ளை உடை, ஒட்ட வெட்டிய முடி, கச்சேரிக்கு முன் சிறிது நேர மௌனம் எல்லாம் அந்தக் காலத்தவை. எழுபதுகளின் நடுவில் அவர் அந்த அமைப்பிலிருந்து விலகிவிட்டார். உங்கள் கட்டுரைகளிலோ இன்றும் அவர் வெள்ளை உடையில் தியானம் செய்துகொண்டுதான் இருக்கிறார். இந்திய இசைக்கும் அவருக்கும் உள்ள உறவு முழுவதையும் ‘இந்திய ஆன்மீகத்தின் ஈர்ப்பு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறீர்கள்.

அவருக்குக் கர்நாடக இசை தியானத்தில் வந்துவிடவில்லை, பாடமாக வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் ஊரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில், டாக்டர் எஸ். ராமநாதனிடம் அவர் வீணை கற்றார். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் ராமநாதன். இளங்கோவின் இசைக் குறிப்புகளோடு மல்லுக்கட்டிய ஒரு தமிழறிஞரிடம், மின்கிட்டாரால் அமெரிக்காவை அதிரவைத்துக்கொண்டிருந்த ஒருவர் மாணவராக உட்கார்ந்திருக்கிறார். இதைவிடச் சுவையான செய்தி ஒரு தமிழ்ப் பத்திரிகையாளருக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் சின்மயின் பெயர் வரும் கட்டுரைகளில் ராமநாதனின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நம்பிக்கை தந்த குருவுக்கு இடம் இருக்கிறது. ஸ்வரம் சொல்லித்தந்த ஆசிரியருக்கு இல்லை. இதன் விளைவு சின்னதில்லை. ஆசிரியரை நீக்கிவிட்டால் கற்ற உழைப்பும் மறைந்துபோகிறது. கிழக்கின் மாயத்தால் தானாக நிகழ்ந்த அதிசயம்போல அந்த இசை நிற்கிறது. வெளிநாட்டுக்காரர் அப்படி எழுதினால் அறியாமை என்று விட்டுவிடலாம்.

சக்தி குழுவைப் பற்றி நீங்கள் எழுதும்போது தவறாமல் வரும் வாசகம் ‘கிழக்கும் மேற்கும் சந்தித்தன’ என்பது. முதல் தட்டில் வாசித்தவர்களை வரிசையாகப் பாருங்கள். வயலின் எல். சங்கர்: யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர், தந்தை வி. லட்சுமிநாராயணாவிடம் கற்றவர், வெஸ்லியனில் படித்தவர். கடம் டி.எச். விக்கு விநாயக்ராம்: சென்னையில் தாளவாத்தியப் பள்ளி நடத்திய ஹரிஹர சர்மாவின் மகன், மெக்லாஃப்லின் பிறந்த அதே 1942இல் பிறந்தவர். மிருதங்கம் ராம்நாட் வி. ராகவன். தபலா பம்பாயின் ஜாகிர் உசேன். ஐவரில் மூவர் தெற்கத்திப் பாடாந்தரத்தில் வந்தவர்கள், ஒருவர் வடக்கத்தி, ஒருவர் மட்டுமே மேற்கு. அப்படியென்றால் அந்த மேடையில் நடந்த பெரிய சந்திப்புகளில் ஒன்று தெற்குக்கும் வடக்குக்கும் இடையிலானது. தபலாவின் போலும் கடத்தின் சொல்லும், திஹாயும் கோர்வையும், ஒரே இடத்தில் வந்து விழ வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் இங்கேயே அபூர்வமாக நடந்துகொண்டிருந்த ஒரு பேச்சுவார்த்தை அது. அதை உங்கள் ‘கிழக்கு’ ஒரே சொல்லில் விழுங்கிவிடுகிறது. இந்த மூன்று தமிழ்க் கலைஞர்களும் ‘இந்திய இசைக்கலைஞர்கள் சிலர்’ ஆகிவிடுகிறார்கள். கடம் சில கட்டுரைகளில் வெறும் மண்பானை.

சக்தியில் மெக்லாஃப்லின் வாசித்த கிட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கருவிகளின் பெயரை அடுக்குவதில் உங்களுக்குக் குறைவில்லை (விலையும்கூடச் சில சமயம் வரும்). கருவி எதற்காக அப்படி ஆனது என்பது மட்டும் வராது. சக்திக்காக மெக்லாஃப்லின் பயன்படுத்தியது கிப்சன் நிறுவனத்தின் ஜே-200 வகைக் கிட்டார். ஏப்ரஹாம் வெக்டர் என்ற கைவினைஞர் அதை மாற்றி அமைத்தார். மெட்டுகளுக்கு இடையிலான மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. அதனால் விரல் மரத்தில் முட்டாமல் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் முடிந்தது. ஒலித்துளைக்குக் குறுக்கே, சாய்வாக, ஏழு தந்திகள் கூடுதலாகக் கட்டப்பட்டன. அவை சுருதியை எழுப்பும். வீணையின் மெட்டுகள் மெழுகில் உயரமாக நிற்பதும், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தொடுவதும் உங்களுக்குத் தெரியும். ராமநாதனிடம் வீணை கற்றவர் தம் கிட்டாரில் எதைத் தேடினார் என்பதை அந்தச் செதுக்கலே சொல்லிவிடுகிறது. நடுவில் அந்தச் சுருதித் தந்திகளை அவர் ஒருமுறை வருடிவிடும்போது எழும் ஓசையைத்தான் பல விமர்சனங்கள் ‘சிதார் போன்ற ஒலி’ என்று எழுதித் தாண்டிப்போயின.

இத்தனையும் சொல்வது அவரைத் தூக்கிவைத்து எழுதுங்கள் என்று கேட்பதற்காக இல்லை. குறை காண இடம் தாராளமாக இருக்கிறது. அதையும் நீங்கள் செய்வதில்லை என்பதே மனக்குறை. செதுக்கிய கிட்டாரிலும் கமகத்துக்கு ஒரு எல்லை உண்டு. மெட்டே இல்லாத வயலினில் எல். சங்கர் ஒரு பிடியை வழுக்கிக்கொண்டு போய், அதையே கிட்டார் திருப்பிச் சொல்லும்போது ஸ்வரங்கள் படிப்படியாகப் பிரிந்து நிற்கின்றன. அசைவு குறைந்து அந்த இடம் வெறும் கணக்காகிறது. அது இழப்பா, வேறொரு அழகா என்று கேட்க வேண்டியது விமர்சகர்தான். ராகம்போல் ஒலிக்கும் ஒரு மெட்டுக்குப் பின்னால் கார்டு போடும்போது ராகத்தின் நிறம் கெடுகிறதா என்பது இன்னொரு கேள்வி. லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு 1974இல் வந்த ‘அபோகாலிப்ஸ்’ தட்டில் ஜார்ஜ் மார்ட்டின் போன்ற தயாரிப்பாளர் இருந்தும், குழுவும் வாத்தியப் படையும் பல இடங்களில் ஒட்டாமல் தனித்தனியே நிற்கின்றன. 1980 டிசம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கில் பாக்கோ தே லூசியா, ஆல் டி மியோலா ஆகிய கிட்டார் கலைஞர்களோடு வாசித்து, உலகமெங்கும் விற்ற ‘ஃப்ரைடே நைட்’ தட்டில் கைதட்டலுக்காக ஓடிய ஓட்டங்கள் உண்டு. வேகத்தின் மீது கோபம் இருந்தால் அதைக் காட்ட வேண்டிய இடம் அது. ஆனால் அந்தத் தட்டுக்குத்தான் எல்லோரும் மாலை போடுகிறார்கள்.

பிந்தைய காலத்துக்கு வந்தால் உங்கள் எழுத்து விருதுச் செய்தியாகச் சுருங்கிவிடுகிறது. 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் குழு மீண்டும் எழுந்தது; பின்னர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும், ஷங்கர் மகாதேவனும் அதில் சேர்ந்தார்கள். 2007இல் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் பாடத்தை வீடியோவாகவே வெளியிட்டார் மெக்லாஃப்லின். மேற்கத்திய மாணவர்கள் அதைப் பார்த்துத் தகதிமி சொல்லப் பழகினார்கள். 2008இல் வந்த ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’ சென்னையில் பதிவானது, யு. ராஜேஷின் மின்மாண்டலினும் சிவமணியின் தாளமும் அதில் இருக்கின்றன. வீட்டு வாசலில் நடந்த இந்த வேலைகளைப் பற்றிப் படித்துவிட்டு ஒருவர் தட்டை வாங்கிக் கேட்கும்படியான கட்டுரை தமிழில் அரிது. 2023இல் வந்த ‘திஸ் மொமென்ட்’ தட்டுக்கு மறு ஆண்டு பிப்ரவரியில் கிராமி கிடைத்ததும் பெருமிதம் பொங்கியது. அந்தத் தட்டில் கணேஷ் ராஜகோபாலனின் வயலின் எல். சங்கரின் இடத்தை எப்படி நிரப்புகிறது, ஸ்ரீநிவாஸ் 2014இல் மறைந்த பிறகு குழுவின் நாதம் எப்படி மாறியிருக்கிறது, எண்பதைத் தாண்டிய மெக்லாஃப்லின் இப்போது எங்கே வேகத்தை விட்டுக்கொடுக்கிறார் என்பதெல்லாம் பேசப்படாமலே போயின. 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தபோது வந்த அஞ்சலிகளிலும் சக்தி ஒரு பெயராகத்தான் இருந்தது. விநாயக்ராமோடு அவர் செய்த வேலை விவரிக்கப்படவில்லை.

மோசமான விமர்சனத்தால் மெக்லாஃப்லினுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டவர். நஷ்டம் வேறு இடத்தில். கிட்டார் பழகும் ஒரு மதுரைப் பையன் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வேகமே இசை என்று மெட்ரோனோமோடு உட்கார்கிறான். மிருதங்கம் பழகும் ஒரு பெண், தான் தினமும் சொல்லும் சொற்கட்டுகள் உலக ஜாஸில் என்ன வேலை செய்திருக்கின்றன என்று தெரியாமலே இருந்துவிடுகிறாள். கர்நாடக இசை மட்டும் கேட்பவர், ஃப்யூஷன் என்றால் இரைச்சல் என்ற முடிவோடு பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபதுகளில் கடத்தைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் போன தலைமுறையின் வேலை தமிழில் பதிவாகாமல் போகிறது. நாளை ஆராய வருபவர் அதற்கும் ஆங்கில நூல்களைத்தான் நாட வேண்டியிருக்கும்.

உங்களிடம் கேட்பது கடினமான காரியமில்லை. ஒரு தட்டைப் பற்றி எழுதும் முன் அதில் ஒரு உருப்படியையாவது எண்ணிக்கை பிடிபடும்வரை கேளுங்கள். கையில் தாளம் போட்டுப் பாருங்கள். பிடிபடாவிட்டால் ஒரு மிருதங்கக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். பிறகு நடப்பதை நடக்கும் வரிசையில் எழுதுங்கள்: எது முதலில் வந்தது, யார் எடுத்தார், எங்கே நடை மாறியது, எந்த இடத்தில் சேர்ந்தார்கள். கமகம், நடை, கோர்வை, குறைப்பு, அறுதி என்று நம்மிடம் இருக்கும் சொற்களைத் தயங்காமல் எடுத்தாளுங்கள். பொருந்தாத இடத்தில் அவற்றைத் திணிக்கவும் வேண்டாம். ஒரு மெட்டு ராகமில்லை என்றால் ராகமில்லை என்றே சொல்லுங்கள், ஜாஸின் கார்டு நகர்வு அங்கே செய்யும் வேலையை அதன் வழியிலேயே விளக்குங்கள். வேகத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டுமென்றால், அந்த வேகம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் எது குறைந்திருக்கும் என்பதையும் எழுதுங்கள். எதுவும் குறையாது என்று பட்டால் அதுவே உங்கள் கண்டனமாக இருக்கட்டும்.

தொடங்குவதற்கு ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ தட்டை எடுத்துக்கொள்ளலாம். 1976 ஆகஸ்டில் லண்டனில் பதிவானது. ராகவன் இல்லை, நால்வர் மட்டும். அதன் முதல் உருப்படியான ‘லா டான்ஸ் து போன்னேர்’, கருவிகள் வருவதற்கு முன் வாயால் சொல்லும் சொற்கட்டோடு தொடங்குகிறது. அந்தச் சொற்கட்டு எத்தனை எண்ணிக்கை, அது முடிந்து கிட்டாரும் வயலினும் எடுக்கும் இடம் எது, சொன்ன கணக்கு வாசிப்பில் எங்கே திரும்ப வருகிறது என்பதை மட்டும், ஒரு உரிச்சொல்கூடச் சேர்க்காமல், முந்நூறு வார்த்தையில் எழுதிப் பாருங்கள்.

ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அந்த முந்நூறு வார்த்தைக்கு இடம் கொடுங்கள். கிட்டார் கடவுள் என்று தலைப்பு வைக்காதீர்கள். வாசித்தவர்கள் அனைவரின் பெயரும், அவர்கள் வாசித்த கருவியும், பதிவான ஆண்டும் இல்லாத இசை விமர்சனத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே வெளியிட்ட கட்டுரைகளில் விநாயக்ராமும் ராகவனும் ராமநாதனும் விடுபட்டிருந்தால், அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.